மெயின்ஸ்டேஜ் வச்சு ஹார்ட்வேர் கீபோர்டை ஓட்டுறது எப்படி இருக்கு? மூணு வருஷ கச்சேரி அனுபவம்

மூணு வருஷமா மெயின்ஸ்டேஜ்ங்கிற மேக் சாஃப்ட்வேர் வச்சுத்தான் கச்சேரி வாசிக்கிறேன், ஆனா இதுவரைக்கும் மேடையில அதுல இருந்து ஒரு சவுண்டு கூட ஸ்பீக்கருக்குப் போனது இல்ல. இதைச் சொன்னா எங்க ட்ரூப்லயே "அப்புறம் எதுக்குய்யா லேப்டாப்பைத் தூக்கிட்டு அலையுற"ன்னு கேக்குறாங்க. அந்தக் கேள்விக்கான பதில்தான் இது, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல என் செட்டப் சொல்லிடுறேன். கீழ ரோலண்ட் ஜூனோ டிஎஸ் 61, மேல யமஹா எம்ஓஎக்ஸ்எஃப் 6, பக்கத்துல ஒரு எம்1 மேக்புக் ஏர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கட்சி மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு மணி நேரம்னு எல்லாம் வாசிப்போம். மெல்லிசைக் குழுல கீபோர்டு வாசிக்கிறவனுக்குத் தெரியும், ஒரு பாட்டுக்குள்ள ப்ரீலூட்ல ஸ்ட்ரிங்ஸ், பல்லவில எலக்ட்ரிக் பியானோ, மொத இன்டர்லூட்ல புல்லாங்குழல், ரெண்டாவதுல ப்ராஸ், அதுவும் நாலு பார் கேப்ல மாத்தணும், ரெண்டு கீபோர்டுலயும் மாத்தணும், இருக்கிறது ரெண்டே கை. முன்னாடி எல்லாம் கீபோர்டு மேல மஞ்ச கலர் ஒட்டுக் காகிதத்துல நம்பர் எழுதி ஒட்டி வச்சிருப்பேன். ஆடி மாசக் காத்துல ஒரு நாள் அது பறந்து போயி டோலக் அண்ணன் மூஞ்சில ஒட்டிக்கிச்சு. அன்னிக்குத்தான் வேற வழி பாக்கணும்னு தோணுச்சு.

மெயின்ஸ்டேஜ் ஆப்பிளோட சாஃப்ட்வேர், 2007ல லாஜிக் ஸ்டூடியோ கூடச் சேர்ந்து வந்தது, அப்புறம் தனியாவே ஆப் ஸ்டோர்ல 29.99 டாலருக்கு விக்க ஆரம்பிச்சாங்க. மேக்ல மட்டும்தான் ஓடும். பொதுவா இதை வாங்குறவங்க அதுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர் பியானோ, ஆர்கன், சின்த்தை எல்லாம் வாசிக்கத்தான் வாங்குறாங்க, யூட்யூப்ல பாத்தாலும் எல்லாம் அதைப் பத்தித்தான் இருக்கும். நான் வாங்குனது அதுல ஒரு ஓரத்துல கிடக்குற "எக்ஸ்டெர்னல் இன்ஸ்ட்ருமென்ட்"ங்கிற ஒரே ஒரு சேனல் ஸ்ட்ரிப்புக்காக, அதாவது திரையில ஒரு கருவிக்கு ஒண்ணுன்னு இருக்கிற பட்டைக்காக.

அது என்ன பண்ணும்னா, ஒரு பேட்ச்சை (நாம சேவ் பண்ணி வச்ச ஒரு செட்டிங்) செலக்ட் பண்ண உடனே வெளிய இருக்கிற கீபோர்டுக்கு மிடி வழியா, அதாவது இசைக் கருவிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற மொழியில, "இந்த பேங்க் (டோன் தொகுப்பு), இந்த நம்பர் டோனுக்குப் போ"ன்னு கட்டளை அனுப்பும். அவ்வளவுதான். ஒரு பேட்ச்ல இந்த மாதிரி ரெண்டு ஸ்ட்ரிப் போட்டு ஒண்ணை ஜூனோக்கும் இன்னொண்ணை யமஹாவுக்கும் காட்டிட்டா, ஒரு தட்டு தட்டுனா ரெண்டு கீபோர்டும் ஒரே நேரத்துல டோன் மாறும். மொத தடவை வீட்டுல இதைப் பாத்தப்போ, நான் கையே வைக்காம ரெண்டு டிஸ்ப்ளேவும் மாறுனதைப் பாத்து எங்க அம்மா "பேய் புடிச்சிருச்சா"ன்னு கேட்டாங்க.

மெயின்ஸ்டேஜ்ல ஃபைலுக்குப் பேரே கான்சர்ட். கான்சர்ட்டுக்குள்ள செட், செட்டுக்குள்ள பேட்ச். வெளிநாட்டுக்காரங்க செட்டை அன்னிக்கு வாசிக்கிற பாட்டு வரிசைக்கு வச்சுப்பாங்க போல, நம்மூருக்கு அது ஒத்து வராது. வரிசை எல்லாம் மூணாவது பாட்டு வரைக்கும்தான், அப்புறம் மாப்பிள்ளையோட சித்தப்பா துண்டுச்சீட்டு அனுப்புவாரு, ஊர் தலைவர் பழைய பாட்டு கேப்பாரு. அதனால நான் ஒவ்வொரு பாட்டையும் ஒரு செட்டா வச்சு, பாட்டோட மொத வார்த்தையைத் தமிழ்லயே டைப் பண்ணி, அகர வரிசையில அடுக்கிட்டேன். ஒவ்வொரு செட்டுக்குள்ளயும் அந்தப் பாட்டுக்கு வேணும்ங்கிற டோன் மாத்தம் எல்லாம் நாலு பேட்ச், அஞ்சு பேட்ச்னு வரிசையா இருக்கும். இப்போ எங்கிட்ட இருக்கிறது 140 பாட்டு. இதை டைப் பண்ணி முடிக்க ஒரு மார்கழி மாசம் பூரா ஆச்சு, அதையும் சொல்லிடணும். வாங்குன அன்னிக்கே மேடை ஏறலாம்னு நெனச்சு வாங்காதீங்க.

பேட்ச் மாத்துறதுக்கு ஜூனோ பின்னாடி கண்ட்ரோல் பெடல் ஜாக்ல ஒரு ஃபுட்சுவிட்ச் சொருகி, அதை "அடுத்த பேட்ச்"ங்கிற ஆக்‌ஷனுக்கு மேப் பண்ணி வச்சிருக்கேன். கால்ல ஒரு மிதி, அடுத்த டோன். ஆரம்பத்துல அமுக்குறப்போ ஒண்ணு, காலை எடுக்குறப்போ ஒண்ணுன்னு ரெண்டு பேட்ச் தாண்டிப் போயிட்டே இருந்துச்சு. பெடல் அமுக்குனா 127னு ஒரு மதிப்பு, விட்டா 0ன்னு ஒரு மதிப்பு அனுப்பும், நான் செட்டிங்க்ல பட்டன் டைப்பைத் தப்பா வச்சிருந்ததால ரெண்டையுமே மிதின்னு எடுத்துக்கிச்சு. தப்பு என்னோடதுதான், ஆனா கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.

இப்போ நம்பர் கதைக்கு வர்றேன், ஏன்னா ஹார்ட்வேர் கூட விளையாடுறவங்க பாதிப் பேர் மாட்டுறது இங்கதான். மிடில டோன் நம்பர் 0ல இருந்து 127 வரைக்கும்தான், மொத்தம் 128. ஆனா கீபோர்டோட டோன் லிஸ்ட்ல 1ல இருந்து 128னு அச்சடிச்சிருப்பான். ஒரு ரிசப்ஷன்ல நாட்டுப்புறப் பாட்டு ஒண்ணு, இன்டர்லூட்ல ஷெனாய் வரணும். லிஸ்ட்ல ஷெனாய் 112, நானும் 112ன்னு அடிச்சு வச்சிட்டேன். வீட்டுல அந்தப் பாட்டை மட்டும் செக் பண்ணாம விட்டுட்டேன். மேடையில தவில் உருட்டி முடிச்சு எல்லாரும் என்னைப் பாக்குறாங்க, நான் பெடலை மிதிச்சிட்டு ஒரு இழுப்பு இழுத்தேன், "டிங் டிங் டிங்"னு பூஜை மணி சத்தம். ஜிஎம்னு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான டோன் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல ஷெனாய்க்கு அடுத்து 113ல டிங்கிள் பெல். 0ல இருந்து எண்ணுறவனுக்கு 112ன்னா நம்ம லிஸ்ட்ல 113. முன்வரிசையில ஒரு பாட்டி நிஜமாவே கைகூப்பிருச்சு. அதுல இருந்து நான் எல்லா நம்பர்லயும் ஒண்ணு கழிச்சுத்தான் எழுதுவேன், அப்புறம் காதால கேட்டுத்தான் நம்புவேன்.

128 டோன் இப்போ எந்தக் கீபோர்டுக்குப் பத்தும், அதுக்குத்தான் பேங்க். சிசின்னா மிடில நம்பர் போட்ட கண்ட்ரோல் கட்டளை. சிசி 0ல ஒரு நம்பர், சிசி 32ல ஒரு நம்பர், அதுக்கப்புறம்தான் ப்ரோக்ராம் சேஞ்ச், அதாவது டோன் நம்பரைச் சொல்ற கட்டளை. இந்த வரிசை முக்கியம், பேங்க் நம்பர் ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு கீபோர்டு சும்மா உக்காந்திருக்கும், ப்ரோக்ராம் சேஞ்ச் வந்தாத்தான் எந்திரிக்கும். ஜூனோல ஜிஎம் டோனுக்கு 121ம் 0வும், நம்ம சேவ் பண்ண யூசர் டோனுக்கு 87ம் 0வும். யமஹால மொத ப்ரீசெட் பேங்குக்கு 63ம் 0வும். கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு, ஒரே கம்பெனியோட பழைய மாடலுக்கும் புது மாடலுக்குமே கணக்கு மாறும், மேனுவல் கடைசிப் பக்கங்கள்ல இருக்கும் பாருங்க. மெயின்ஸ்டேஜ்ல இதை அடிக்கிறதுக்கு இடம் இருக்கு, ஆனா வெறும் நம்பர்தான். "வார்ம் ஸ்ட்ரிங்ஸ்"னு பேரைத் தேடி செலக்ட் பண்ற வசதி எல்லாம் இல்ல. 140 பாட்டு, பாட்டுக்கு நாலு அஞ்சு மாத்தம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கீபோர்டு, ஒவ்வொரு கீபோர்டுக்கும் மூணு நம்பர், நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க. இதுதான் இந்த சாஃப்ட்வேர் மேல எனக்கு இருக்கிற பெரிய குறை.

இதுக்கு நான் புடிச்ச குறுக்கு வழி என்னன்னா, அடிக்கடி வாசிக்கிற டோன்களை எல்லாம் ரெண்டு கீபோர்டுலயும் யூசர் பேங்குக்குக் கொண்டுவந்து வச்சிட்டேன். ரெண்டுலயும் 10ல இருந்து 19 வரைக்கும் ஸ்ட்ரிங்ஸ், 20ல இருந்து பியானோ வகையறா, 30 புல்லாங்குழல். ஒரு கீபோர்டுக்கு பேங்க் எப்பவும் ஒண்ணுதான், நம்பரைப் பாத்தாலே என்ன சவுண்டுன்னு தெரிஞ்சிடும். லேயர் பண்ண டோன், அதாவது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனது எல்லாம் ஜூனோல பெர்ஃபார்மன்ஸ்ங்கிற ஒரே தொகுப்பாவே சேவ் பண்ணிட்டு, பெர்ஃபார்மன்ஸ் கண்ட்ரோல் சேனல்னு ஒண்ணு சிஸ்டம் மெனுல இருக்கும், அந்த சேனல்ல நம்பர் அனுப்புனா மொத்த பெர்ஃபார்மன்ஸும் மாறும்.

அடுத்து லோக்கல் கண்ட்ரோல், அதாவது கீயை அமுக்குனா அதே கீபோர்டோட சவுண்டு நேரா வர்ற இணைப்பு. நெட்ல எல்லா இடத்துலயும் கீபோர்டுல லோக்கலை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க. அப்போ நீங்க அமுக்குற கீ லேப்டாப்புக்குப் போயி, லேப்டாப் அதைத் திருப்பி அனுப்பினாத்தான் கீபோர்டு பேசும். இதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, மெயின்ஸ்டேஜோட லேயர் எடிட்டர்ல கீழ ரெண்டு ஆக்டேவ் யமஹாவுக்கு, மேல ஜூனோவுக்கு, பாடகிக்கு ஏத்த மாதிரி ஒரு கட்டை ஏத்தி இறக்கினு என்ன வேணாலும் பண்ணலாம். நானும் மொத ஆறு மாசம் அப்படித்தான் வாசிச்சேன், சொர்க்கமா இருந்துச்சு.

அப்புறம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. சாமி பாட்டு முடிஞ்சு குத்துப் பாட்டு ஆரம்பிச்சு கூட்டம் எந்திரிச்சு ஆடிட்டு இருக்கு, மேடைக்கு மாலை போட வந்த ஒருத்தர் காலு யுஎஸ்பி ஹப் ஒயர்ல மாட்டி ஹப் தனியா வந்துருச்சு. மேக்புக் ஏர்ல இருக்கிறதே ரெண்டு ஓட்டை, அதனால எல்லாமே அந்த ஒரு ஹப்புலதான் தொங்குது. ரெண்டு கீபோர்டும் ஒரே நேரத்துல ஊமை. நான் கீயை அமுக்குறேன் அமுக்குறேன், கல்லு மாதிரி இருக்கு. பேஸ் கிட்டார் தம்பியும் ரிதம் பேட் வாசிக்கிறவரும் ஒரு நிமிஷம் சமாளிச்சாங்க, அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒரு யுகம். லோக்கலை ஆன் பண்ணணும்னா மெனுக்குள்ள மெனு போகணும், கை நடுங்குது, எந்த மெனுன்னே மறந்துபோச்சு.

அன்னிக்கு ராத்திரி வேன்ல வர்றப்போ முடிவு பண்ணிட்டேன். கீபோர்டோட சவுண்டு கீபோர்டுலயே இருக்கட்டும், லோக்கல் எப்பவும் ஆன். லேப்டாப் வேலை டோன் மாத்துறது மட்டும். நோட்டு, அதாவது நான் அமுக்குற சுரம் எதுவும் லேப்டாப் வழியா போகக்கூடாது, போனா ஒரே சுரம் ரெண்டு தடவை ஒலிச்சு தகரத்துல பேசுற மாதிரி இருக்கும். அதைத் தடுக்க லேயர் எடிட்டர்ல கீ ரேஞ்சை 61 கீ எட்டவே எட்டாத அடிமட்ட கீ ஒண்ணுக்கு மட்டும் ஒதுக்கி வச்சிட்டேன். ப்ரோக்ராம் சேஞ்ச் போகும், நோட்டு போகாது. லேப்டாப் செத்தாலும் அந்த நேரத்துல எந்த டோன்ல இருக்கேனோ அதுல பாட்டு முடியும் வரைக்கும் வாசிக்கலாம், அடுத்த பாட்டுக்குக் கையால மாத்திக்கலாம். ஸ்ப்ளிட் (ஒரே கீபோர்டுல இடது பக்கம் ஒரு டோன், வலது பக்கம் ஒரு டோன்) வேணும்னா கீபோர்டுக்குள்ளயே பண்ணி சேவ் பண்ணிக்கிறேன்.

ஒயர் விஷயம் சொல்லாம விட்டா ரிவ்யூ முழுசாகாது. ரெண்டு கீபோர்டுலயும் யுஎஸ்பி இருக்கு, நேரா லேப்டாப்ல குத்திடலாம்தான். ஆனா மண்டபத்துல கரண்டு போயி ஜெனரேட்டர்ல ஓடுறப்போ லேப்டாப் சார்ஜர் போட்டா ஸ்பீக்கர்ல "ர்ர்ர்"னு ஒரு இரைச்சல் வரும், மிக்சர் அண்ணன் என்னையே மொறைப்பாரு. யுஎஸ்பி வழியா கிரவுண்டும் சேர்ந்து இணையுறதால வர்ற வினை அது. பழைய 5 பின் மிடி ஒயர்ல இந்தப் பிரச்சனை கிடையாது, ஏன்னா வாங்குற பக்கத்துல ஆப்டோகப்ளர்னு ஒண்ணு இருக்கு, சிக்னல் வெளிச்சமா மாறித்தான் தாண்டும், மின்சாரமா ஒட்டிக்கிறதே இல்ல. 1983 ஜனவரில அமெரிக்காவுல NAMMங்கிற இசைக் கருவிக் கண்காட்சில ஒரு சீக்வென்ஷியல் ப்ராஃபெட் 600ஐயும் ரோலண்ட் ஜூப்பிட்டர் 6ஐயும் இதே ஒயர்ல கோத்துக் காட்டுனாங்க, ரெண்டும் வேற வேற கம்பெனி. நாப்பது வருஷம் தாண்டியும் நம்மூர்ப் பந்தல்ல அதே ஒயர் வேலை செய்யுது, யாரு யோசிச்சானோ அவன் கையைப் புடிச்சு முத்தம் கொடுக்கணும். வேகம் செகண்டுக்கு 31,250 பிட்டுதான், இன்னிக்குக் கணக்குக்கு நத்தை, மூணு பைட் கட்டளை ஒண்ணு போக கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்டு ஆகும். டோன் மாத்துறதுக்கு அது தாராளம்.

அதனால ரெண்டு இன் ரெண்டு அவுட் இருக்கிற ஒரு சின்ன மிடி இன்டர்ஃபேஸ், அதாவது லேப்டாப் யுஎஸ்பியையும் மிடி ஒயரையும் இணைக்கிற பெட்டி வாங்கிக்கோங்க. ஒரே ஒயரா, ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் ரெண்டு மிடி வாலோட பேரே இல்லாம ஆன்லைன்ல விக்கிறதை வாங்கி நான் சூடு பட்டாச்சு. நோட்டு எல்லாம் ஒழுங்கா போச்சு, பேங்க் நம்பர் மட்டும் அப்பப்போ வழியில காணாமப் போயிரும், ஸ்ட்ரிங்ஸ் கேட்டா வேற பேங்க்ல அதே நம்பர்ல இருக்கிற ட்ரம் லூப் மாதிரி எதோ வரும். வேற ஓட்டைல குத்தினா மேக் அதைப் புது ஆளுன்னு வேற நெனச்சுக்கும், அப்போ கான்சர்ட்ல இருக்கிற எல்லா ஸ்ட்ரிப்பும் அம்போ. இப்போ எந்த ஓட்டைல எந்த ஒயர்ங்கிறதுக்கு நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சிருக்கேன், எங்க வீட்டம்மா உபயம்.

எம்ஓஎக்ஸ்எஃப் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு, அதுல யுட்டிலிட்டில மிடி இன் அவுட்ங்கிற இடத்துல மிடியா யுஎஸ்பியான்னு ஒண்ணைத்தான் செலக்ட் பண்ண முடியும், ரெண்டும் ஒண்ணா ஓடாது. 5 பின்னைச் சொருகிட்டு ஏன் வேலை செய்யலன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க.

சாஃப்ட்வேரால தீர்க்க முடியாத ஒரு விஷயமும் இருக்கு. மெயின்ஸ்டேஜோட சொந்த சவுண்டுல பேட்ச் மாத்துனா, புடிச்சிருக்கிற பழைய சுரம் நீங்க கையை எடுக்கிற வரைக்கும் ஒலிச்சிட்டே இருக்கும், ரொம்ப அழகா இருக்கும். வெளிய இருக்கிற கீபோர்டுல அந்தப் பருப்பு வேகாது. ப்ரோக்ராம் சேஞ்ச் போன அடுத்த நொடி எம்ஓஎக்ஸ்எஃப்ல பழைய டோன் கத்தரிச்ச மாதிரி நிக்கும். வெட்டாம மாறணும்னா அந்தக் கீபோர்டுலயே அதுக்கான வசதி இருக்கணும், யமஹா மான்டேஜ், எம்ஓடிஎக்ஸ் மாதிரி பின்னாடி வந்ததுல இருக்கு. நான் பண்றது, இழுத்துப் புடிக்க வேண்டிய கார்டை ஒரு கீபோர்டுல வச்சுக்கிட்டு இன்னொரு கீபோர்டுல மட்டும் டோன் மாத்துற மாதிரி பேட்ச் எழுதுறது. அடுத்த மிதில இவன் மாறுவான், அவன் புடிச்சுப்பான். பழகிட்டா கேக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொண்ணு, எக்ஸ்டெர்னல் இன்ஸ்ட்ருமென்ட் ஸ்ட்ரிப்ல இருக்கிற வால்யூம் ஃபேடரைத் தள்ளினா கீபோர்டு சத்தம் ஏறாது. அது கீபோர்டோட ஆடியோவை லேப்டாப்புக்குள்ள கொண்டுவந்தா அதுக்கான ஃபேடர். கீபோர்டு வால்யூம் மாறணும்னா சிசி 7ஐத் தனியா மேப் பண்ணணும். சிசி 74ஐ ஒரு நாப்ல (திருகுற குமிழ்) போட்டு வச்சிருக்கேன், ரெண்டு கீபோர்டுலயும் ஃபில்டர் ஒண்ணா திறந்து சவுண்டு பளிச்சுன்னு ஆகும், குத்துப் பாட்டு பில்டப்புக்கு வெறித்தனமா இருக்கும். சிஸ்எக்ஸ்னு சொல்ற, கம்பெனிக்குக் கம்பெனி மாறுற தனி மிடி கட்டளையை அனுப்பித்தான் ஆகணும்ங்கிற பழைய சின்த் வச்சிருந்தா இது உங்களுக்கு ஆகாது.

ஏபிள்டன் லைவ்ங்கிற சாஃப்ட்வேர்லயும் இதைப் பண்ணலாம், ஒவ்வொரு க்ளிப்லயும் (அதுல ஒரு சின்னத் துண்டு) பேங்க், சப் பேங்க், ப்ரோக்ராம் மூணும் போட இடம் இருக்கு, க்ளிப்பைத் தட்டுனா டோன் மாறும். ரெக்கார்ட் பண்ண ட்ராக் போட்டு, காதுல தாளம் சொல்ற க்ளிக்கோட வாசிக்கிற பேண்டுக்கு அதுதான் சரி. எங்களுக்கு சிங்கர் நெனச்ச இடத்துல ஒரு ஆலாபனை போடுவாரு, எந்த டைம்லைனும் நிக்காது. விண்டோஸ் லேப்டாப்தான் இருக்குன்னா கிக் பெர்ஃபார்மர்ங்கிற சாஃப்ட்வேரைப் பாருங்க, ட்ரையல் இருக்கு, எந்தக் கீபோர்டு எந்த ஒயர்ல வந்தாலும் நாம வச்ச பேரிலயே கூப்பிடுற ரிக் மேனேஜர்னு ஒண்ணு அதுல இருக்கு, அதைப் பாத்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனா விலை மெயின்ஸ்டேஜை விடப் பல மடங்கு.

ஒரு கீபோர்டு வச்சு கரோக்கிக்கு வாசிக்கிறவங்க, ஒரு பாட்டுக்கு ஒரு டோன் போதும்னு இருக்கிறவங்க இதை வாங்க வேணாம், ஜூனோல இருக்கிற ஃபேவரிட் பட்டனே போதும். ரெண்டு கீபோர்டு, மேக் ஏற்கனவே வீட்டுல இருக்கு, உக்காந்து நம்பர் அடிக்கப் பொறுமை இருக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம், அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மார்க் கொறைச்சது டோன் பேர் காட்டாததுக்கு.

எங்க ரிதம் பேட் அண்ணன் இவ்வளவு நாளா என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தவரு, போன வாரம் சவுண்ட் செக் முடிஞ்சு டீ குடிக்கிறப்போ மெதுவா வந்து "தம்பி, என் ஆக்டோபேட்ல (அவரோட ரிதம் பேட்) கிட் (தாள சவுண்டு தொகுப்பு) மாத்துறதும் உன் பெடல்லயே வருமாடா"ன்னாரு. அவரோடது எஸ்பிடி 30, அதுவும் ப்ரோக்ராம் சேஞ்ச் வாங்கும். வரும்ணே, ஆனா உங்க கிட் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுங்கன்னேன். நேத்து கொடுத்திருக்காரு, டீக்கடை பில்லுக்குப் பின்னாடி, எல்லாமே 1ல இருந்து எண்ணி.